மூன்று தட்டினால் ரிவர்ஸ் எடுக்காதே

இதைப் படித்துவிட்டு, "கோதண்டம் நல்லா கதை விடுறான்" என்று ஒரகடத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைய நான்கு மிஸ்டு கால்களும் என் போனில் இன்னும் அப்படியே இருக்கின்றன. பென்சிலால் நேரம் குறித்த டெஸ்ட் அட்டையும் இருக்கிறது. போன ஆயுத பூஜை அன்று, மாலை 4:19 முதல் 5:38 வரை நடந்தது இது. ராத்திரிகூட இல்லை. நல்ல வெளிச்சம்.

பேய், பிசாசு என்று நான் பயந்தவன் இல்லை. விபத்தில் நசுங்கி, சீட்டில் ரத்தக்கறையோடு வந்த வண்டிகளைத் தனியாக உட்கார்ந்து கழுவியிருக்கிறேன். இதை வெளியே சொல்ல இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் பயம் இல்லை. வெட்கம்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. பழைய கார்களுக்கு மட்டும்தான் வேலை பார்ப்பேன். இனியவன் சார் என்று ஒரு வாடிக்கையாளர். அவரிடம் அறுபதுகளில் வந்த இங்கிலீஷ் கார் ஒன்று உண்டு. அதில் ஓவர்டிரைவ் என்று ஒரு சமாச்சாரம். கியர் பாக்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் யூனிட் அது. நாலாவது கியரில் ஓடும்போது டேஷ்போர்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால், உள்ளே சோலனாய்டு என்கிற சின்ன மின்காந்தம் 'டிக்' என்று இழுக்கும். யூனிட் பிடிக்கும். வேகம் அப்படியே இருக்க, இன்ஜின் சத்தம் மட்டும் தணியும். ஐந்தாவது கியர் போட்ட மாதிரி.

அதற்கு ஒரே ஒரு சட்டம். யூனிட் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. எடுத்தால் உள்ளே இருக்கிற ஒருவழி கிளட்ச் நொறுங்கிவிடும். அதோடு யூனிட் காலி.

அதனால் ஓவர்டிரைவ் டெஸ்டுக்கு எப்போதும் இரண்டு பேர் போவோம். நான் ஓட்டுவேன். உச்சிமாகாளி பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு, வெறும் தரைத் தகட்டில் உட்கார்ந்துகொள்வான். தென்காசிப் பக்கத்துப் பையன். இருபத்தெட்டு வயது. வயரிங் வேலையில் அவனை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை கியர் பாக்ஸில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். கியர் பாக்ஸ் கவர் கழற்றிய வண்டியில் இரைச்சல் காதைப் பிளக்கும், பேச முடியாது. கைப்பிடியால் தகட்டில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் யூனிட் பிடித்துவிட்டது. இரண்டு தட்டு என்றால் விட்டுவிட்டது. மூன்று தட்டு என்றால் இன்னும் விடவில்லை, ரிவர்ஸ் எடுக்காதே.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் மூன்று தட்டினான். நான் போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தேன்.

உள்ளே பல் உடைந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சாயங்காலம் இனியவன் சார் வந்தார். "ரிவர்ஸ்ல யாரு போனது?" என்று கேட்கத் தெரிந்தவர் இல்லை அவர். "வயரிங் யாரு பண்ணது?" என்றுதான் கேட்டார். எனக்கு அது வழி விட்ட மாதிரி ஆகிவிட்டது.

"உச்சிதான் சார். வயரை மாத்திக் குடுத்துட்டான்."

அவன் எனக்கு மூன்றடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணாச்சி... கிளாம்ப்பு..." என்று ஏதோ ஆரம்பித்தான்.

"இன்னாடா அண்ணாச்சி? வாய மூடிகினு கிளம்பு."

கிளம்பிவிட்டான். ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் வேலை கேட்டு நான்கு ஷெட்டுகளுக்குப் போயிருக்கிறான். நாலு பேரும் எனக்குப் போன் பண்ணி விசாரித்தார்கள். நாலு பேரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். ஒருத்தரிடம் மாற்றிச் சொன்னால் என் குட்டு உடைந்துவிடுமே. சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை பார்க்கும் அவன் தங்கை மாரிசெல்வி ஒருமுறை கூப்பிட்டு அழுதாள். அந்த நம்பரை 'உச்சி தங்கச்சி' என்று சேவ் பண்ணி வைத்தேன். இனிமேல் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

இங்கிலாந்திலிருந்து வேறு யூனிட் வந்து சேரப் பத்தொன்பது மாதம் ஆனது. நானே மாட்டினேன். கார் நன்றாக ஓடியது. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் இனியவன் சார் வண்டியைக் கொண்டுவந்து விட்டார்.

"கொஞ்ச தூரம் ஓடி சூடானா, சுவிட்ச் ஆஃப் பண்ணாலும் ஓவர்டிரைவ் வுட மாட்டுது கோதண்டம். சரஸ்வதி பூஜைக்கு மறுநா காலைல பெங்களூர் போகணும். பாத்து வைங்க."

அதே பழைய கோளாறு. இந்த முறை வயரிங்கும் என்னுடையது, பழி போட ஆள் இல்லை.

ஆயுத பூஜை அன்று காலை எட்டு மணிக்கே பூஜை முடித்துவிட்டோம். ஸ்பேனர், ஜாக்கி, மீட்டர் எல்லாவற்றையும் துடைத்து, வாழை இலையில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். உச்சியின் ஸ்க்ரூ டிரைவரும் அதில் இருந்தது. வருடா வருடம் வைப்பேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. கைப்பிடியின் அடியில் வட்டமாகக் குங்குமம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. எங்கள் பக்கத்தில் எந்த ஷெட்டிலும் தொட மாட்டார்கள். பையன்களுக்குப் பொரி, சுண்டல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் நானே இலையிலிருந்து இரண்டு ஸ்பேனரையும் மீட்டரையும் எடுத்தேன். "சரஸ்வதி தாயே, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டேன். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. அது இலையிலேயே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3:05. சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. 'உச்சி தங்கச்சி'. எடுக்கவில்லை. 3:06. மறுபடியும். போனைக் குப்புறப் போட்டேன். நல்ல நாளும் அதுவுமாகச் சண்டைக்குக் கூப்பிடுகிறாள் என்று எரிச்சல். 3:52. இன்னொரு முறை. சைலண்டில் போட்டுவிட்டேன்.

கவரைக் கழற்றி, சாவியைப் போட்டு, நாலாவது கியரில் வைத்து சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். 'டிக்'. ஆஃப் பண்ணினேன். 'டிக்'. வண்டி குளிர்ந்திருக்கும்போது எல்லாம் ஒழுங்கு. சூடாக்கித்தான் பார்க்க வேண்டும். தனியாகவே வண்டியை எடுத்தேன்.

ஆயுத பூஜை அன்று எங்கள் கம்பெனி ரோடுகளைப் பார்க்க வேண்டுமே. மற்ற நாட்களில் ஷிப்ட் பஸ்ஸும் கண்டெய்னர் லாரியுமாக மூச்சுவிட முடியாது. அன்று ஈ காக்கை இல்லை. ஒவ்வொரு கேட்டிலும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ரோட்டில் உடைத்த பூசணிக்காய், உள்ளே குங்குமம். வண்டியின் இரைச்சல் மட்டும்தான்.

நாலாவது கியர். அறுபது. சுவிட்சைத் தட்டினேன். இன்ஜின் சத்தம் தணிந்தது.

டொக்.

மணி 4:19. கழற்றிய போல்ட் ஏதாவது தரையில் உருண்டிருக்கும் என்று நினைத்தேன். அட்டையில் நேரத்தை மட்டும் குறித்தேன்.

4:26. சுவிட்சை ஆஃப் பண்ணினேன். இன்ஜின் சத்தம் ஏறியது.

டொக்... டொக்.

இடது பக்கம் பார்த்தேன். சீட் இல்லாத வெறும் தகடு. போல்ட்டும் இல்லை. எல்லாவற்றையும் ஷெட்டில் டப்பாவில் போட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சத்தத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய வண்டி. கவர் இல்லை. கல் அடித்திருக்கும்.

4:41. வண்டி நன்றாகச் சூடாகிவிட்டது. மறுபடி சுவிட்ச்.

டொக்.

இந்த முறை சத்தம் என் காலுக்குப் பக்கத்திலேயே வந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. உச்சி தலையில் ஊற வைத்துக்கொண்டு வருவானே, அதே வாசனை. நான் வழுக்கைத் தலை.

திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு ஒரு சந்து ரோட்டில் நுழைந்தேன். கடைசியில் ஒரு கம்பெனி கேட். பூட்டியிருந்தது. இரண்டு பக்கமும் கால்வாய். வந்த வழியே போக ஒரே வழி, ரிவர்ஸ்.

கிளட்சை மிதித்தேன். கியர் லீவரில் கை வைத்தேன்.

டொக்... டொக்... டொக்.

மணி 4:47.

கை நின்றுவிட்டது. ஆனால் புத்தி நிற்கவில்லை. "சுவிட்ச்தான் ஆஃப்ல கீதே" என்று வாய்விட்டே சொன்னேன். லீவரை ரிவர்ஸுக்குத் தள்ளினேன்.

டொக். டொக். டொக்.

தகடு அதிர்ந்தது. என் கால் விரல் வரை அதிர்ந்தது.

டொக் டொக் டொக்!

லீவர் நகரவில்லை. யாரோ மறுபக்கத்திலிருந்து அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

சில்லென்று ஒரு கை...

என் கை மேல்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தேன்.

'டிக்.'

சோலனாய்டு விட்டது. அப்போதுதான் விட்டது. அதுவரை சுவிட்ச் ஆஃபில் இருந்தும் யூனிட் பிடித்தபடியே இருந்திருக்கிறது. நான் ரிவர்ஸ் எடுத்திருந்தால்...

டொக்... டொக்.

விட்டுவிட்டது.

கை மேலிருந்த குளிர்ச்சியும் போனது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று அட்டையில் இல்லை. குனிந்து இடது பக்கத் தகட்டைப் பார்த்தேன். சிவப்பாக வட்ட வட்டமாக அடையாளம். ஒரு ரூபாய்க் காசு அளவு. விரலால் தொட்டேன். குங்குமம். பூசணிக்காயை மிதித்த செருப்பாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் அந்தப் பக்கம் நான் காலே வைக்கவில்லை.

சுவிட்சைத் தொடாமல், வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே ரோட்டுக்கு வந்து, இரண்டாவது கியரைத் தாண்டாமல் ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். முதலில் இலையைத்தான் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் வைத்த இடத்திலேயே இருந்தது. சந்தனம் அப்படியே இருந்தது. கைப்பிடி அடியில் குங்குமம் இல்லை. அங்கே காரின் தரைப் பெயிண்ட், பச்சை நிறத்தில், சுரண்டி ஒட்டியிருந்தது.

ஓடிவிட்டிருக்க வேண்டும். ஓடவில்லை. காலையில் இனியவன் சார் வந்து நிற்பார் என்பது அந்த நேரத்திலும் எனக்கு நினைவிருந்தது. அப்படிப்பட்டவன் நான்.

5:24. போன் வெளிச்சம் காட்டியது. 'உச்சி தங்கச்சி'.

கையில் எடுத்தேன். உச்சிக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான், எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசுவது? நின்றுபோகிற வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃபில் இருந்தும் சோலனாய்டுக்குக் கரன்ட் போய்க்கொண்டிருந்தது. அந்த வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். கியர் பாக்ஸ் மேல் வயர்களை ஒன்றாகப் பிடித்து வைக்கிற கிளாம்ப்பில் விரல் நின்றது. போன முறையும் இந்த முறையும் அதை முறுக்கியது நான். "அண்ணாச்சி, கிளாம்ப்ப ரொம்ப முறுக்கிராதீங்க, சூட்டுல வயரு நசுங்கிரும்" என்று முதல் முறையே உச்சி சொல்லியிருந்தான். அவன் அந்தப் பக்கம் போனதும், எனக்கே பாடம் எடுக்கிறானா என்று இன்னொரு சுற்று முறுக்கினேன்.

நட்டைத் தளர்த்தினேன். கிளாம்ப்புக்கு அடியில் இரண்டு வயர்கள் நசுங்கி, தோல் உரிந்து, செம்பும் செம்பும் ஒட்டியிருந்தன. சூடானால் ஒட்டும், ஆறினால் விலகும். கோளாறு எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. பழியை ஒருத்தன் தலையில் போட்டுவிட்டதால், நான் அதைத் தேடவே இல்லை.

"தப்பு என்னுதுதான்டா உச்சி" என்றேன். ஆளில்லாத ஷெட்டில். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல்.

டொக்... டொக்.

காருக்குள்ளிருந்து வந்தது. மெதுவாக. மணி 5:38.

5:41க்கு நானே கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

"அண்ணாச்சி... இப்பமாது கூப்பிட்டீங்களே."

"இன்னாமா ஆச்சு?"

"அண்ணன் போயிட்டான்."

வேறெந்த ஷெட்டிலும் சேர்க்காததால், பிள்ளைப்பாக்கத்தில் கூரை ஷீட் மாட்டுகிற வேலைக்குப் போயிருக்கிறான். நாலு நாளைக்கு முன்னால் மேலேயிருந்து விழுந்திருக்கிறான். வயர் தவிர வேறு எதுவும் தெரியாத பையன்.

"சண்டைக்குக் கூப்பிடல அண்ணாச்சி. விழுந்தன்னைக்குக் கொஞ்ச நேரம் நெனவு இருந்துச்சு. 'கோதண்டம் அண்ணாச்சிட்ட சொல்லு, கிளாம்ப்புக்கு அடியில பாக்கச் சொல்லு'ன்னான். அத மட்டுந்தான் சொன்னான். அவன் போனு ஒடஞ்சு கெடந்துச்சு. முன்ன கூப்பிட்டப்ப ஒங்க நம்பர நான் சேவ் பண்ணி வைக்கல, இன்னைக்குத்தான் அவன் போன சரி பண்ணி எடுத்தேன்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"காதுல சொன்னா கேக்கும்னு நர்சக்கா சொன்னாவ. தப்பு ஓம்மேல இல்லடான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்னு நெனச்சேன். போன காதுலயே வச்சுக்கிட்டு நின்னேன் அண்ணாச்சி."

மறுநாள் காலை இனியவன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு வரவில்லை. அந்த நான்கு ஷெட்டுகளுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். நாலாவது ஆள் என் முன்னாலேயே ஷட்டரை இறக்கினான்.

அன்றே ஆஸ்பத்திரிக்கும் போனேன். உடலை ஊருக்கு எடுத்துப் போயிருந்தார்கள். வார்டில் ஜாஸ்மின் என்ற நர்ஸ் இருந்தார். நான் யாரென்று சொன்னதும் சார்ட்டை எடுத்துக் காட்டினார்.

"நெனவு போனதுலேர்ந்து வெரல்கூட அசையல சார். நேத்துதான் மொத தடவ கட்டில் கம்பியில தட்டினாரு. டாக்டர்கிட்ட காட்டணும்னு டைம் போட்டு எழுதினேன்."

4:19, ஒன்று. 4:26, இரண்டு. 4:41, ஒன்று. 4:47, மூன்று, மூன்று, மூன்று. பக்கத்தில், 'கையைப் பிடித்தும் நிறுத்த முடியவில்லை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, இரண்டு.

என் சட்டைப் பையிலிருந்த டெஸ்ட் அட்டையை நான் வெளியே எடுக்கவில்லை.

இறந்த நேரம் 5:31 என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். என் போனில் அந்தக் கடைசிக் கால் 5:24. ஏழு நிமிடம் இருந்திருக்கிறது. அந்த ஏழு நிமிடமும் அவன் காதில் அவன் தங்கையின் போன் இருந்திருக்கிறது. நான் கையில் போனை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது ஜாஸ்மின் வராந்தா வரைக்கும் கூடவே வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் சார்ட்ல எழுதல சார். எழுதினா என்ன லூசும்பாங்க. மெஷின், டியூப் எல்லாம் கழட்டி, துணி போட்டு மூடிட்டோம். அதுக்கப்புறம் துணிக்குள்ள இருந்து ரெண்டு தடவ தட்டினாரு. நான் வாட்ச்ச பாத்தேன்."

"எத்தன மணிக்கு?" என்று நான் கேட்கவில்லை.

அவரே சொன்னார்.

"5:38."